கேட்கத் தெரிந்தவர்

வித்தோமிர் மாஸ்டர் ஒருவனைத் திட்டுகிறார் என்றால் அவன் உருப்படப் போகிறான் என்று அர்த்தம். ஐரோப்பாவின் ஒரு மூலையில் இருக்கிற எங்கள் பாராச்சின் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். பகலில் அவர் தொழிற்பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், சாயங்காலமானால் மொராவா கிளப்பின் பாஸ்கெட்பால் கோச். இந்த இரண்டையும் விட்டால் அவர் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. ஆள் குள்ளம், ஒரு முழங்கால் சரியாக மடங்காது. குரல் மட்டும் ஹாலின் சுவரைத் தாண்டி, கண்ணாடி ஆலைக்குப் போகிற சாலை வரை கேட்கும். தொண்டை கட்டிக்கொள்ளப் போகிறதே என்று அவர் மனைவி தெசாங்கா தேன் விட்ட மூலிகைத் தேநீரை ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புவார். மனிதர் அதைக் குடித்துவிட்டு இன்னும் நன்றாகக் கத்துவார்.

நான் ஒப்ராத். டவுசர் போட்ட வயதில் அவரிடம் சேர்ந்து, தலையில் முடி கொட்டிய பிறகும் அதே டீமுக்குக் கேப்டனாக ஓடிக்கொண்டிருந்தவன். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனால் என் அப்பா கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

"இன்னிக்கு உன்னைத் திட்டினாரா?"

"திட்டினார்பா."

"ரொம்பவா?"

"எல்லார் முன்னாடியும்."

"நல்லது. கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

திட்டாமல் விட்டால்தான் ஆபத்து. மருந்துக்கடைக்காரர் மகன் ஒருவன் எங்களோடு ஆடினான். ஒரு நாள் மாஸ்டர் அவன் தோளைத் தட்டி, "ரொம்ப நல்லாப் பண்றேப்பா, போய்த் தண்ணி குடி" என்றார். அவன் அம்மாவுக்கு விஷயம் போய், அந்த அம்மாள் அழுதே விட்டார். பையன் அதோடு ஹேண்ட்பாலுக்குப் போய்விட்டான், பாவம்.

நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. பந்தைத் தொடுவதற்கு முன்னால் காலை எங்கே வைப்பது என்று கற்றுக்கொடுத்துவிடுவார்கள். எதிரே ஆளே இல்லாமல், காற்றோடு ஆடுகிற மாதிரி, ஐந்து பேர் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப நடந்து பார்ப்போம். நெட்டையன் பந்தைத் தட்டிக்கொண்டு போகப் பழக வேண்டும், குட்டையன் கூடைக்கு முதுகைக் காட்டி நிற்கப் பழக வேண்டும். ஒரு அடி தப்பாக வைத்தால் விசில். எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும், மாஸ்டர் வந்து திட்டுவார். திட்டு வாங்குகிறவன் தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டு "சரி மாஸ்டர்" என்பான். ஏன், எதற்கு என்கிற பேச்சே கிடையாது. மாஸ்டர் சொன்னார், முடிந்தது.

ஆனால் வெளியே சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு மேட்சில் எங்களுக்குத் தோன்றியதைத்தான் செய்வோம். எங்கள் ஜனங்களுக்கு வீம்பு கொஞ்சம் ஜாஸ்தி. தலை குனியும், மனசு குனியாது. அதுவும் மாஸ்டருக்குத் தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் அவ்வளவு சத்தம்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் மார்க்கெல் டாபின்ஸ் வந்து சேர்ந்தான்.

அமெரிக்காவில் டேட்டன் என்கிற ஊர்க்காரன், கறுப்பு இளைஞன். நிலத்தில் ஸ்பிரிங் வைத்த மாதிரி எம்புவான். ஆனால் அவன் வருவதற்கு முன்பே அவனைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. கிரேக்க நாட்டில் ஒரு கிளப், போலந்தில் ஒரு கிளப், இரண்டும் பாதி சீசனில் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தன. இரண்டும் சொன்ன காரணம் ஒன்றுதான், சொன்னால் கேட்க மாட்டான். ஐரோப்பாவில் ஒரு அமெரிக்கன் மேல் இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் துடைத்தாலும் போகாது. மூன்றாவது இடத்திலும் துரத்தினால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஊரில் அவன் மாமா வேலை பார்க்கிற கிடங்கில் பெட்டி தூக்கப் போக வேண்டியதுதான். இதை அவனே என்னிடம் சொன்னான். அவனுக்கு ஒரு சின்ன மகள் உண்டு. தினமும் போனில் அவளிடம், "அப்பா இன்னும் ஆடிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்வான்.

எங்கள் கிளப் தலைவர் ராதென்கோ சாசேஜ் தொழிற்சாலை வைத்திருக்கிறார். அவர் பேச்சில் இனிப்பு கிடையாது. முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். "புது வருஷ லீவு வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள பேச்சைக் கேட்கலன்னா விமானம் ஏத்திட்டு வேற ஆளைக் கொண்டு வருவேன்."

சீசனுக்கு முன்னால் நாங்கள் மலைக்குப் போவது வழக்கம். பைன் மரக் காட்டுக்குள் காலையிலும் மாலையிலும் ஓட்டம்தான். மார்க்கெல் சுற்றிலும் பார்த்தான்.

"கோச், பந்து எங்கே?"

"பந்து அடுத்த வாரம் வரும்," என்றார் மாஸ்டர். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. எப்போதோ கேசட் வைத்துக் கற்றுக்கொண்டது. முடியாத இடத்தில் நான் மொழிபெயர்ப்பேன்.

"அப்போ நானும் அடுத்த வாரம் வரட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் ஓடினான். முதல் ஆளாகத் திரும்பியும் வந்தான். மூச்சு வாங்க மாஸ்டர் எதிரே வந்து நின்று, "ஓடச் சொன்னீங்க, ஓடிட்டேன். இப்போ சொல்லுங்க, எதுக்கு?" என்றான்.

"எதுக்கா? நான் சொன்னேன், அதுக்கு!"

அதற்குப் பிறகு நல்ல திட்டு. மார்க்கெல் ஷூவைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் கண்ணையே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். மாஸ்டர் பாதியில் நிறுத்திவிட்டு எங்கள் பாஷையில் என்னிடம் திரும்பினார்.

"இவன் ஏண்டா என்னை முறைக்கிறான்?"

"முறைக்கல மாஸ்டர், கவனிக்கிறான். அவங்க ஊர்ல பெரியவங்க பேசும்போது கண்ணைப் பார்க்கலன்னாதான் மரியாதை இல்லையாம்."

"நம்ம ஊர்ல பார்த்தா மரியாதை இல்ல."

"அது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நீ வக்கீல் வேலை பார்க்காதே. போய் ஓடு."

மார்க்கெலிடம் எனக்குப் பிடித்தது அவனுடைய உழைப்பு. காலைப் பயிற்சிக்கு நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும்போது அவன் ஏற்கெனவே நனைந்து போயிருப்பான். ஹீட்டர் போடாத ஹாலில், காதில் ஹெட்போனோடு, ஒரே இடத்தில் நின்று கூடையில் போட்டுக்கொண்டே இருப்பான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் சொந்தச் செலவில் தனக்கென்று ஒரு பயிற்சியாளர் வைத்திருந்தானாம். தூக்கம், சாப்பாடு எல்லாவற்றிலும் கணக்காக இருப்பான். எங்கள் நெட்டையன் கோஸ்தா பயிற்சிக்கு முன்னால் இறைச்சி வைத்த பூரெக் பலகாரத்தைத் தயிரில் முக்கித் தின்பதை, பிரேதப் பரிசோதனையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். நாங்கள் கூட்டமாக இருந்தால் உழைப்போம், தனியாக விட்டால் சிகரெட் பிடிப்போம். அவன் தனியாக உழைப்பான், கூட்டத்தில் தடுமாறுவான்.

தடுமாற்றம் டிபென்ஸில்தான். தன் எதிரே நிற்கிறவனை விடவே மாட்டான், புலி மாதிரி. ஆனால் பக்கத்துக்காரனைத் தாண்டி ஒருவன் உள்ளே வந்தால், உதவிக்குப் போக அவனுக்கு உறைப்பதில்லை. எதிராளியை ஜெயி என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் பால்பல் விழுவதற்கு முன்னால் கற்றுக்கொள்வதை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஒவ்வொரு முறையும் விசில், ஒவ்வொரு முறையும் திட்டு. ஒவ்வொரு முறையும் அவன் "ஏன்?" என்பான். மாஸ்டர் "அங்கே நில்லுன்னா நில்லு!" என்பார். தோற்றுக்கொண்டிருந்தோம். ராதென்கோ வேறு அமெரிக்கர்களின் வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று காதில் விழுந்தது.

இந்த நேரத்தில்தான் அந்த வார்த்தை வந்து விழுந்தது.

எங்கள் பாஷையில் மாஸ்டர் எல்லோரையும் 'சினே' என்பார். மகனே என்று அர்த்தம். திட்டும்போதும் அதுதான், கட்டிக்கொள்ளும்போதும் அதுதான். தன் சொந்த மகளையே அப்படித்தான் கூப்பிடுவார். கொஞ்சும்போது பெண்பிள்ளையை "வாடா கண்ணா" என்பதில்லையா, அந்த மாதிரி. அன்று மார்க்கெல் மறுபடியும் உதவிக்குப் போகவில்லை. மாஸ்டர் குதித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவன் மேல் பாசமோ, கோபமோ, இரண்டுமோ, அவனுக்குப் புரிய வேண்டும் என்று அந்தச் சொல்லை இங்கிலீஷில் தேடினார். கேசட் இங்கிலீஷில் அவருக்குக் கிடைத்தது 'பாய்'.

"நோ, பாய்! நோ! கம் ஹியர், பாய்!"

மார்க்கெல் பந்தைத் தரையில் வைத்தான். எறியவில்லை, வைத்தான். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். வியர்வையில் தலை ஈரம். எங்கள் ஊரில் ஈரத்தலையோடு குளிரில் வெளியே போவது சாவைத் தேடிப் போவது என்று நம்புகிறவர்கள் நாங்கள். மாஸ்டர், "தலையைத் துவட்டிட்டுப் போகச் சொல்லுடா அவனை!" என்று என்னைத் துரத்திவிட்டார். என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

பேருந்து நிலையத்துக் காபிக்கடையில் அவனைப் பிடித்தேன்.

"உங்க கோச் என்னை என்ன சொன்னார்னு கேட்டியா?"

"கேட்டேன். 'பாய்'னார். பையன்னுதானே அர்த்தம்?"

"எங்க தாத்தா தாடி நரைச்ச மனுஷன், ஒப்ராத். அவர் பேரன் பேத்தி எடுத்தப்புறமும் வெள்ளைக்கார முதலாளி அவரை 'பாய்'னுதான் கூப்பிட்டான். எங்க முன்னாடியே கூப்பிட்டான். தாத்தா திரும்பிப் பார்த்து 'சொல்லுங்க சார்'னு போவார். அதை நான் பார்த்துட்டு நின்னிருக்கேன்."

காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். எங்கள் சொல்லின் அர்த்தத்தைச் சொன்னேன், மாஸ்டரின் மகள் கதையையும் சொன்னேன். அவன் தலையாட்டினான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வலி, அர்த்தம் தெரிந்ததும் போய்விடுகிற சாமான் இல்லையே.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும், அந்தத் தாத்தா பகுதியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வலைப்பையில் போட்டுக் கட்டினார். வழக்கமாக அது சின்னப் பையன்கள் செய்கிற வேலை.

மறுநாள் மார்க்கெல் பயிற்சிக்கு வந்தான். மறுபடியும் உதவிக்குப் போகத் தாமதம். விசில் ஊதியது. நாங்கள் நின்றோம். மாஸ்டர் மெதுவாக அவனிடம் நடந்து போய், நூலகத்தில் பேசுகிற குரலில், "மார்க்கெல், ப்ளீஸ். ஒரு அடி பின்னாடி," என்றார். திரும்பி நடந்தார்.

எங்களுக்கு மருந்துக்கடைக்காரர் மகன் ஞாபகம் வந்தது.

அடுத்த நாளும் ப்ளீஸ். அதற்கு அடுத்த நாளும் ப்ளீஸ். உடை மாற்றும் அறையில் துக்க வீட்டுச் சாயல் வந்துவிட்டது. கோஸ்தா தன் அம்மா போட்ட மிளகாய்த் துவையல் பாட்டில் ஒன்றைக் கொண்டு வந்து மார்க்கெலின் அலமாரியில் வைத்தான். விமானத்தில் எடுத்துப் போகட்டும் என்று நினைத்திருப்பான். விஷயம் ராதென்கோ காதுக்குப் போயிற்று. "வித்தோமிர் அவனைத் திட்டுறதை நிறுத்திட்டாரா? அப்போ முடிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டு, வேறொரு அமெரிக்கனின் ஏஜென்டுக்குப் போன் போட்டார்.

மார்க்கெல் மட்டும் விசிலடித்துக்கொண்டு திரிந்தான்.

"பார்த்தியா ஒப்ராத்? மனுஷன் ஜென்டில்மேன் ஆயிட்டார். கடைசியில என்னை நம்ப ஆரம்பிச்சிட்டார்."

"மார்க்கெல், உட்காரு."

"என்ன?"

"எங்க ஊர்ல மாஸ்டர் சத்தம் போடுறார்னா நீ உயிரோட இருக்கேன்னு அர்த்தம். ப்ளீஸ் போடுறார்னா உனக்குக் குழி தோண்டியாச்சு."

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எங்க ஊர்ல கத்தினா வேலையை விட்டுத் தூக்கப் போறாங்கன்னு அர்த்தம். அமைதியா பேசினா உன்னை ஆளா மதிக்கிறாங்கன்னு அர்த்தம்," என்றான். கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். "அப்போ இங்கேயும் அவ்வளவுதானா?"

அவன் எழுந்தான். "அவர் வீடு எங்கே? நேர்ல சொல்லட்டும். என் முகத்தைப் பார்த்து அவரே சொல்லட்டும்."

பயிற்சி இல்லாத சாயங்காலம் அது. நடந்தே போனோம். தெசாங்கா அக்கா கதவைத் திறந்தார், மார்க்கெலை அண்ணாந்து பார்த்தார், உதட்டில் விரலை வைத்தார்.

"உள்ளே வாங்க. மெதுவா. அவர் ஃப்ரிட்ஜுக்குப் பாடம் எடுத்துட்டிருக்கார்."

"யாருக்கு?"

"ஃப்ரிட்ஜுக்குத்தான். ஒரு வாரமா இதே கூத்து. என்கிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்ல, அதுகிட்ட இங்கிலீஷ்ல பேசுறார்."

சமையலறை வாசலில் நின்று பார்த்தோம். மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். மேஜை மேல் அக்ரூட் பருப்புகள் ஐந்து, அவற்றுக்கு எதிரே ஊறுகாய் மிளகாய்கள் ஐந்து. உப்பு டப்பாதான் கூடை. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்து, ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பந்து அங்கே. அதனால நீ இங்கே. ஏன்னா... உன் ஆளு தூரமா இருக்கான். ஏன்னா..." நின்றுவிட்டார். ஒரு அக்ரூட்டை நகர்த்தினார், திரும்பவும் பழைய இடத்தில் வைத்தார். பிறகு எங்கள் பாஷையில் உப்பு டப்பாவையே கேட்டார். "ஏன்னா... ஏண்டா?"

தரைப்பலகை கிறீச்சிட்டது. திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி மிளகாய்களை ஒரு தட்டால் மூடினார்.

மார்க்கெல் முந்திக்கொண்டான். "கோச், என்னை அனுப்பப் போறீங்களா?"

நான் மொழிபெயர்த்தேன். மாஸ்டர் முழித்தார். "அனுப்புறதா? யார் சொன்னது?"

"நீங்க திட்டுறதை நிறுத்திட்டீங்களே மாஸ்டர்," என்றேன். "ஊரே முடிவு பண்ணிடுச்சு."

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "இவனுக்கு நான் கத்துறது பிடிக்கல, அந்த வார்த்தை அவன் தாத்தாவைக் குத்துச்சு. அதனால மெதுவா பேசிப் பழகுறேன். உயிர் போகுது ஒப்ராத், உள்ளேயே அடைச்சுக்கிட்டு நெஞ்சு வலிக்குது. அது போகட்டும். இவன் தினமும் ஏன், ஏன்னு கேட்கிறான். எனக்கு என் மாஸ்டர் சொன்னார், அவருக்கு அவர் மாஸ்டர் சொன்னார். யாரும் கேட்டதில்ல. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசிச்சா பாதிக்கு எனக்கே காரணம் தெரியல. தெரியாம எப்படிடா போய் அவன் முன்னாடி நிக்கிறது?"

இதை அப்படியே இங்கிலீஷில் மார்க்கெலுக்குச் சொன்னேன். ஊரே நடுங்குகிற மனிதர். யாருடைய தயவும் தேவைப்படாத வயது. கத்திக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம், ஒருவனும் கேட்டிருக்க மாட்டான். இவரோ ஒரு விருந்தாளிப் பையன் கேட்ட கேள்விக்காகச் சமையலறையில் மிளகாயை வைத்துக்கொண்டு பாடம் படிக்கிறார். அவர் மேல் எனக்கு எப்போதும் பயம் இருந்தது. மதிப்பு என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது.

மார்க்கெல் மேஜைப் பக்கம் போனான். தட்டைத் தூக்கினான். குனிந்து மேஜையைப் பார்த்தான். ஒரு அக்ரூட்டைத் தொட்டு, "இது நானா?" என்றான்.

"நீதான்."

"நான் இங்கேயே என் ஆளோட ஒட்டிட்டு நின்னா, இந்த மிளகாய் உள்ளே வர்றது எனக்குத் தெரியாது. ஒரு அடி பின்னாடி வந்தா..." அக்ரூட்டை நகர்த்தினான். "ரெண்டு பேரும் கண்ணுல படுறாங்க. கோச், இதுக்குத்தானா?"

மாஸ்டர் மேஜையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இதுக்குத்தான்," என்றார். "கடவுளே, இதுக்குத்தான்டா."

தெசாங்கா அக்கா பிளம் பிராந்தி பாட்டிலும் பாலாடைக்கட்டியும் கொண்டு வந்து வைத்தார். மார்க்கெல் குடிப்பதில்லை, பாலாடைக்கட்டியை மட்டும் காலி செய்தான். கிளம்பும்போது சொன்னான். "கோச், சத்தம் எனக்குப் பிரச்சினை இல்ல. எங்க அம்மா குரலை நீங்க கேட்டதில்ல. நல்லா கத்துங்க. கத்திட்டுக் காரணம் சொல்லுங்க. கூப்பிடுறதை உங்க பாஷையிலேயே கூப்பிடுங்க, திரும்பிப் பார்க்கிறேன். எங்க பாஷையில வேண்டாம்."

லீவுக்கு முந்தைய கடைசி மேட்ச் வந்தது. ராதென்கோ வேறு ஆளோடு பேசி முடித்துவிட்டிருந்தார். மாஸ்டர் போய் எடுத்துச் சொன்னதற்கு, "மேட்ச் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாராம். ஹாலில் எள் விழ இடமில்லை. சூரியகாந்தி விதைத் தொலி காலடியில் நொறுங்கியது.

ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே மார்க்கெல் ஒரு முறை உதவிக்குப் போகத் தவறிவிட்டான். மாஸ்டர் எழுந்தார். அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. மேலே கேலரியில் கோஸ்தாவின் அப்பா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, "அப்பாடா, திட்டுறார்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது.

பந்து வெளியே போய் விசில் ஊதியதும் மார்க்கெல் நேராகப் பெஞ்சுக்கு ஓடி வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏன்?" என்றான்.

அந்தக் கேள்வியை அந்த மனிதரிடம் மேட்சின் நடுவே யாரும் கேட்டதில்லை. மாஸ்டர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

"ஏன்னா கோஸ்தா அங்கே வந்து சேர லேட்டாகும். அவன் பூரெக் தின்னுட்டு வந்திருக்கான்."

"ஓகே கோச்," என்று மார்க்கெல் ஓடிவிட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தத் தப்பைச் செய்யவேயில்லை. எனக்கு உறைத்தது அப்போதுதான். நாங்கள் "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறப்பவர்கள். இவனுக்குக் காரணம் ஒரு தடவை கிடைத்துவிட்டால் போதும், கல்லில் வெட்டிய மாதிரி.

கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். டைம்-அவுட் எடுத்து மாஸ்டர் பலகையில் வரைந்தார். பந்து மார்க்கெலுக்கு, அவன் போடுவான். வேறு எந்த அமெரிக்கனாக இருந்தாலும் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பான். அதுவும் சீட்டு கிழியப் போகிற அமெரிக்கன் என்றால் கேட்கவே வேண்டாம்.

"கோச், ஏன் நான்? என் மேல ரெண்டு பேர் பாய்வாங்க. பாய்ஞ்சா கோஸ்தா தனியா நிப்பான். நான் அவனுக்குக் கொடுக்கிறேனே?"

மாஸ்டர் பலகையைப் பார்த்தார். அவர் வரைந்ததை அவர் அழித்து நான் கண்டதில்லை. சட்டைக் கையால் துடைத்தார். "சரி," என்றார், "கோஸ்தா, கையைத் திறந்து வச்சுக்கோ, சினே."

இரண்டு பேர் பாய்ந்தார்கள். பந்து கோஸ்தாவிடம் போயிற்று. கோஸ்தா கண்ணை மூடிக்கொண்டு போட்டான் என்று இன்றுவரை சத்தியம் செய்கிறான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் உயிரையும் கூடவே சுற்றவைத்து, உள்ளே விழுந்தது.

கூட்டம் கோர்ட்டுக்குள் வந்துவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டு ராதென்கோ வந்தார். "ஜெயிச்சது சந்தோஷம். ஆனா நீ போட்டதை அவன் மாத்தினான்ல? நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன். பேச்சைக் கேட்காம இருக்கிறதுன்னா இதுதானே?"

"அவன் மாத்தல. மாத்தினது நான்," என்றார் மாஸ்டர். "உன் புது ஆளுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லு. இப்பவே சொல்லு, என் முன்னாடி."

ராதென்கோ போனை எடுத்தார்.

மீதி சீசனில் நாங்கள் சாம்பியனாகிவிடவில்லை. கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தோம், எங்கள் கிளப்புக்கு அதுவே பெரிது. ஆனால் பயிற்சி மாறிவிட்டது. கேள்வி கேட்கிற வியாதி எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. கோஸ்தாகூட, "மாஸ்டர், நான் எதுக்கு இவ்வளவு ஓடணும்?" என்று கேட்டு, "உன் வயிற்றைக் கேளு, அது சொல்லும்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். காலையில் ஹாலைத் திறந்தால் மார்க்கெலோடு எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர் நனைந்து நிற்பார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை.

சீசன் முடிந்து, மாஸ்டர் வீட்டில் எங்களுக்கு விருந்து. முற்றத்தில் ஆட்டுக்குட்டி வறுபட்டுக்கொண்டிருந்தது. மார்க்கெல் மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறான், அடுத்த சீசனுக்கு எங்கே என்று தெரியாது. மாஸ்டரின் போன் அடித்தது. நோவி சாத் நகரத்திலிருந்து மிலூன். எங்கள் ஊர்ப் பையன், மாஸ்டரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன், இப்போது அங்கே முதல் டிவிஷன் டீமுக்குக் கோச். இத்தனை காலம் கத்தியதில் மாஸ்டருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மேஜையில் எல்லோர் காதிலும் விழுந்தது.

"மாஸ்டர், உங்ககிட்ட இருக்கிற அந்த அமெரிக்கன். ஆட்டம் பார்த்தேன், பிடிச்சிருக்கு. ஆனா வெளியே ஒரு பேச்சு இருக்கே. நீங்களே சொல்லுங்க, சொன்னா கேட்பானா?"

மார்க்கெலுக்கு அதற்குள் எங்கள் பாஷை அந்த அளவுக்குப் புரியும். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

மாஸ்டர் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்பான். எல்லாத்துக்கும் ஏன்னு கேட்பான். உன்கிட்ட பதில் இருக்கா?"

அந்தப் பக்கம் மிலூன் சிரிக்கிற சத்தம் வந்தது. "சரி, அனுப்பி வைங்க. ஆனா ஒண்ணு மாஸ்டர், இத்தனை வருஷம் உங்ககிட்ட இருந்தேன், எனக்கு நீங்க ஒண்ணுக்குக்கூடக் காரணம் சொன்னதில்லையே?"

"நீ கேட்கவே இல்லையேடா," என்றார் மாஸ்டர்.